வழக்கு முடிந்த வீடுகள்

1856 ஜனவரி மாதக் கடைசியில் ஒஹையோ ஆறு உறைந்து கிடந்தது. கென்டக்கி மாநிலத்துப் பண்ணை ஒன்றில் அடிமையாக இருந்த மார்கரெட் கார்னர், கணவர், மாமனார், மாமியார், நான்கு குழந்தைகளோடு ராத்திரியில் அந்தப் பனிக்கட்டி மேல் நடந்தே ஆற்றைக் கடந்தார். அக்கரையில் சின்சினாட்டி. அங்கே அடிமைமுறை இல்லை. உறவினர் ஒருவர் வீட்டில் போய் ஒளிந்துகொண்டார்கள். சில மணி நேரத்துக்குள் பண்ணைக்காரர் மார்ஷல்களோடு வந்து வீட்டை வளைத்துவிட்டார். கதவு உடைவதற்குள் மார்கரெட் தன் இரண்டு வயது மகளைக் கறி வெட்டும் கத்தியால் கழுத்தறுத்துக் கொன்றார். மற்றக் குழந்தைகள் மீதும் கை வைத்தபோது பிடித்துவிட்டார்கள்.

பிறகு நடந்த வழக்கில் ஒரு விசித்திரம் உண்டு. மார்கரெட்டின் வழக்கறிஞர் ஜான் ஜாலிஃப், தன் கட்சிக்காரர் மீது கொலைக் குற்றம் சாட்டி ஒஹையோவிலேயே விசாரிக்க வேண்டும் என்று வாதாடினார். கொலைகாரி என்று சொன்னால்தான் அவர் மனுஷி ஆவார். செத்தது ஓர் உயிர் என்றாகும். 1850ஆம் ஆண்டின் தப்பியோடிய அடிமைகள் சட்டப்படி அவர் சொத்து, குழந்தையும் சொத்து. சட்டம்தான் வென்றது. மார்கரெட்டை உடைமைக்காரரிடமே ஒப்படைத்தார்கள். தெற்கே கொண்டுபோகும் வழியில் நீராவிப் படகு வேறொன்றோடு மோதியதில் கைக்குழந்தையும் நீரில் மூழ்கி இறந்தது. 1858இல் மிசிசிப்பியில் டைபாய்டு கண்டு மார்கரெட்டும் போய்ச் சேர்ந்தார்.

ஒரு கொலை நடந்த இடத்தில் இரண்டு விதமான கேள்விகள் எழும். போலீசும் கோர்ட்டும் பத்திரிகையும் கேட்பது ஒரு விதம்: யார் செய்தது, எப்படி, எதற்காக, என்ன தண்டனை. செத்தவர் வீட்டுக்குள் இருக்கிற கேள்விகள் வேறு: நாளைக் காலையில் எழுந்து என்ன செய்வது, அந்தத் துணிமணிகளை எங்கே வைப்பது, மிச்சமிருக்கும் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது. முதல் வகைக்குத் தீர்ப்பு என்று ஒன்று வந்தால் முற்றுப்புள்ளி விழும். இரண்டாவதற்கு வாய்தாவும் இல்லை, தீர்ப்பும் இல்லை. இன்று புத்தகக் கடைகளில் தனி அலமாரியும், ஓடிடியில் தனி வரிசையும், பாட்காஸ்ட்டில் பெருங்கூட்டமும் பிடித்திருக்கும் உண்மைக் குற்றக் கதை முதல் வகைக் கேள்விகளால் ஓடுவது. நல்ல பேய்க்கதை எப்போதுமே இரண்டாவது வகையைச் சேர்ந்தது. இவை இரண்டையும் ஒரே நாவலுக்குள் கொண்டுவர எழுத்தாளர்கள் அறுபது எழுபது ஆண்டுகளாக முயன்றுவருகிறார்கள். அவற்றில் சிலவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தெளிவாகிறது. பேயைக் கொலைகாரன் பக்கம் நிறுத்தும் நாவல் எவ்வளவு தேர்ந்த கைவேலையாக இருந்தாலும் செத்தவரை இன்னொரு முறை சாகடிக்கிறது. செத்தவர் வீட்டுப் பக்கம் நிறுத்தும் நாவல், கோர்ட்டால் செய்ய முடியாத காரியம் ஒன்றைச் செய்கிறது.

டோனி மோரிசன் ராண்டம் ஹவுஸ் பதிப்பகத்தில் ஆசிரியராக இருந்தபோது, கறுப்பின மக்களின் வரலாற்றை நாளிதழ்த் துண்டுகளும் படங்களும் விளம்பரங்களுமாகத் தொகுக்கும் ‘தி பிளாக் புக்’ (1974) வேலையில் ஈடுபட்டிருந்தார். அதில் கண்ணில் பட்டதுதான் சிறையில் மார்கரெட்டைச் சந்தித்த ஒரு மதபோதகர் 1856இல் எழுதிய குறிப்பு. அந்தத் தாய் பதற்றமில்லாமல் இருந்தார் என்று அது சொன்னது. அந்த அமைதி மோரிசனை விடவில்லை. 1987இல் ‘பிலவ்ட்’ வந்தது; மறுவருடம் புலிட்சர் பரிசு.

வழக்கமான குற்ற எழுத்தாளர் இங்கே ஆவணக் காப்பகத்துக்கு ஓடியிருப்பார். மோரிசன் ஓடவில்லை. உண்மையான மார்கரெட்டின் வாழ்க்கையை மேற்கொண்டு துருவாமல், அந்தத் துண்டுச் செய்தியைப் பிடித்துக்கொண்டு சேத்தா என்ற பெண்ணைக் கற்பித்தார். அவர் செய்த மாற்றங்களில் ஒன்று மிகப் பெரியது. சேத்தா தெற்கே திருப்பி அனுப்பப்படுவதில்லை. சிறையிலிருந்து வெளியே வந்து, கொலை நடந்த அதே வீட்டில், மகளோடு பதினெட்டு வருடம் வாழ்கிறாள். உண்மை மார்கரெட்டுக்கு அழக்கூட நேரம் கிடைக்கவில்லை. படகு, மறுபடி அடிமை வேலை, இன்னொரு குழந்தையின் சாவு, நோய் என்று இரண்டு வருடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. மோரிசன் அவருக்கு ஒரு வீட்டையும் பதினெட்டு வருடத்தையும் கொடுத்தார். துக்கம் குடியிருக்க ஓர் இடம் வேண்டும் என்பதைப் புரிந்துகொண்ட எழுத்து இது.

அந்த வீட்டில் பேய் இருக்கிறது. முகம் பார்த்தால் கண்ணாடி உடைகிறது. கேக்கில் சின்னஞ்சிறு கைத்தடங்கள் பதிகின்றன. இரண்டு மகன்களும் ஓடிப்போகிறார்கள். மாமியார் பேபி சக்ஸ் வீடு மாறுவதில் அர்த்தமில்லை என்கிறாள். செத்துப்போன ஏதோ ஒரு நீக்ரோவின் துக்கம் இல்லாத வீடு இந்த நாட்டில் எங்கே இருக்கிறது என்பது அவள் எண்ணம். பேய் வந்த அதிர்ச்சி வாசகருக்கு முதல் பக்கத்திலேயே கழிந்துவிடுகிறது. அதோடு பழகிவிட்ட குடும்பத்தைப் பார்க்கிறோம். பயம் பின்னால் வருகிறது, வேறு இடத்திலிருந்து.

கொலைக் காட்சியை மோரிசன் முதலில் சேத்தாவின் கண்ணால் காட்டுவதில்லை. குதிரையில் வரும் நான்கு வெள்ளையர் கண்ணால் காட்டுகிறார். பண்ணையை நடத்தும் ஆசிரியர், அவருடைய மருமகன், அடிமை பிடிப்பவர், ஷெரீஃப். கொட்டகைக்குள் அவர்கள் பார்ப்பதை நாமும் பார்க்கிறோம். ஆசிரியர் உடனே லாபநஷ்டக் கணக்குப் போடுகிறார்: இனி இவளால் பிரயோஜனமில்லை, அளவுக்கு மீறி அடித்த இன்னொரு மருமகன் ஒரு நல்ல குதிரையைக் கெடுத்துவிட்டான் என்கிற மாதிரி. இந்தப் பக்கங்கள்தான் நாவலின் உச்சமான திகில். ரத்தம் பயமுறுத்துவதைவிட அந்தக் கணக்கு பயமுறுத்துகிறது. அந்த அத்தியாயம் ஒருவகையில் உண்மைக் குற்றக் கதையின் பார்வைக்கோணமேதான்: சம்பவ இடத்துக்கு வந்து, பார்த்து, பதிவுசெய்துவிட்டுப் போகிற அதிகாரியின் கண்.

அடுத்து ஒரு காட்சி. பழைய நாளிதழ்த் துண்டு ஒன்றை ஸ்டாம்ப் பெய்ட் என்கிற முதியவர் பால் டியிடம் காட்டுகிறார். சேத்தாவோடு குடித்தனம் நடத்த வந்திருக்கும் பால் டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. படத்தைப் பார்க்கிறான். அந்த வாய் அவளுடையது இல்லை என்று திரும்பத் திரும்ப மறுக்கிறான். கறுப்பினத்தவர் ஒருவரின் படம் அந்தக் காலத்து வெள்ளையர் நாளிதழில் வருகிறது என்றால் அதில் நல்லது எதுவும் இருக்காது என்று அவனுக்குத் தெரியும். மோரிசன் தனக்குக் கிடைத்த துண்டுச் செய்தியை நாவலுக்குள்ளேயே கொண்டுவந்து, அதை நம்ப மறுக்கும் ஒருவனையும் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டார். பின்னர் அவன் சேத்தாவிடமே கேட்கும்போது, அவள் சமையலறையில் வட்டமாகச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே சொல்லப் பார்க்கிறாள். விஷயத்தைச் சுற்றித்தான் போக முடிகிறது, அதற்குள் போக முடியவில்லை. வாக்குமூலம் என்று கோர்ட்டில் வாங்கியிருந்தால் இந்தச் சுற்றல் வெட்டப்பட்டிருக்கும். உண்மை இருப்பது அந்தச் சுற்றலில்தான்.

செத்த குழந்தை இளம்பெண்ணாகத் தண்ணீரிலிருந்து எழுந்து வந்து வீட்டில் உட்கார்ந்த பிறகு நாவல் முழுக்கத் துக்கத்தின் கதை. சேத்தா வேலையை இழக்கிறாள், சோற்றை இழக்கிறாள், மகள் கேட்பதையெல்லாம் கொடுத்துக் கொடுத்துத் தேய்ந்துபோகிறாள். துக்கம் ஒரு மனிதரை எப்படித் தின்னும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான சித்திரத்தை நான் படித்ததில்லை. அதிலிருந்து மீட்பதும் பூசாரியோ மந்திரமோ இல்லை. உயிரோடிருக்கும் மகள் டென்வர் முதன்முறையாக வாசலைத் தாண்டிப் போய் வேலை கேட்கிறாள். அக்கம்பக்கத்தார் சாப்பாடு வைத்துவிட்டுப் போகிறார்கள். கடைசியில் பதினெட்டு வருடமாக அந்த வீட்டை ஒதுக்கிவைத்திருந்த ஊர்ப் பெண்கள் முப்பது பேர் வாசலில் வந்து நின்று பாடுகிறார்கள். அவர்கள் மன்னித்தார்களா என்று மோரிசன் சொல்லவில்லை. வந்தார்கள், அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிரான பாதை முப்பது வருடம் முன்பே போடப்பட்டுவிட்டது. 1957 நவம்பரில் விஸ்கான்சின் மாநிலத்து ப்ளெயின்ஃபீல்ட் என்ற சிற்றூரில் கொலைகாரன் எட் கீன் கைதானான். ஏறக்குறைய 35 மைல் தள்ளி வசித்துவந்த ராபர்ட் பிளாக், பக்கத்து வீட்டுக்காரன் கொலைகாரனாக இருந்தும் யாருக்கும் தெரியாமல் போக முடியும் என்ற ஒரே நினைப்பை வைத்து 1959இல் ‘சைக்கோ’ நாவலை எழுதினார். அடுத்த வருடம் ஹிட்ச்காக் படமெடுத்தார். பிறகு வந்த ‘டெக்சஸ் செயின் சா மாசக்கர்’ படமும், ‘சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்’ நாவலின் ஒரு பாத்திரமும் அதே கீனிடமிருந்து கடன் வாங்கியவை. கீன் பெயர் உலகம் முழுக்கத் தெரியும். அவன் கொன்ற பெர்னிஸ் வோர்டன் ஊரில் வன்பொருள் கடை நடத்தியவர்; மேரி ஹோகன் மதுக்கடை நடத்தியவர். இந்த இரண்டு பெயர்களையும் சொல்லக்கூடிய திகில் ரசிகர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? பிளாக்கைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. ‘சைக்கோ’ இறுக்கமாகக் கட்டப்பட்ட கதை. ஆனால் அதில் அம்மாவுக்காகத் துக்கப்படுகிறவன் கொலைகாரன் ஒருவன்தான். துக்கமே நோயாக, நோய் கொலைக்கான காரணமாக ஆகிவிட்டது. செத்தவர்கள் குளியலறைத் தரையோடு கதையை விட்டுப் போய்விடுகிறார்கள்.

ட்ரூமன் கப்போட்டியின் ‘இன் கோல்ட் பிளட்’ (1966) திகில் நாவல் இல்லை என்றாலும், பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் அச்சு அதுதான். 1959 நவம்பர் 15 அன்று கான்சாஸ் மாநிலத்து ஹோல்கம்பில் ஹெர்பர்ட் கிளட்டர், அவர் மனைவி போனி, பிள்ளைகள் நான்சி, கென்யன் நான்கு பேரும் அவர்கள் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கொலைகாரர் இருவரும் 1965 ஏப்ரலில் தூக்கிலிடப்படும்வரை கப்போட்டி புத்தகத்தை முடிக்கக் காத்திருந்தார். புத்தகத்தின் இதயம் பெர்ரி ஸ்மித் என்கிற கொலைகாரனின் சிறுவயதில் இருக்கிறது. அதை எழுதும்போது கப்போட்டியின் உரைநடை கனிகிறது, உருகுகிறது. கிளட்டர் தம்பதியின் மற்ற இரண்டு பெண்கள் வெளியூரில் இருந்ததால் தப்பித்தவர்கள். அந்த இருவரும் தாய், தந்தை, தம்பி, தங்கை என்று நால்வரையும் ஒரே ராத்திரியில் இழந்தவர்கள். அவர்களுக்குப் புத்தகத்தில் கிடைக்கும் இடம் மிகக் கொஞ்சம். துக்கம் வேண்டுமென்று கப்போட்டிக்கே கடைசியில் தோன்றியிருக்கிறது. அதனால்தான் கல்லறைத் தோட்டத்தில் விசாரணை அதிகாரியும் நான்சியின் தோழியும் சந்தித்துக்கொள்ளும் காட்சியை எழுதினார். அப்படி ஒரு சந்திப்பே நடக்கவில்லை என்று பிறகு தெரியவந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுவதாகச் சொன்னவர், துக்கத்தை மட்டும் கற்பிக்க வேண்டியிருந்தது. ஏனென்றால் துக்கம் இருந்த வீட்டு வாசலில் அவர் அதிக நேரம் நிற்கவில்லை.

ஜாக் கெட்சமின் ‘தி கேர்ள் நெக்ஸ்ட் டோர்’ (1989) இந்தக் கேள்வியில் மிகவும் சங்கடமான புத்தகம். 1965இல் இண்டியானாபொலிஸில் சில்வியா லைக்கன்ஸ் என்ற பதினாறு வயதுப் பெண்ணை, பெற்றோர் பணம் கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்ன வீட்டுப் பெண்மணியும் அவள் பிள்ளைகளும் அக்கம்பக்கத்துச் சிறுவர்களும் சேர்ந்து மாதக்கணக்கில் வதைத்துக் கொன்றார்கள். கெட்சம் ஊரையும் காலத்தையும் மாற்றினார். பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன், வளர்ந்து பெரியவனான பிறகு, தான் பார்த்தும் சொல்லாமல் இருந்ததைச் சொல்கிறான். ஓரிடத்தில் அவன் கதையை நிறுத்தி, அடுத்து நடந்ததை நான் சொல்லப்போவதில்லை என்கிறான். வாசகர் அதுவரை எதற்காகப் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தார் என்ற கேள்வி அந்த இடத்தில் சட்டென்று விழுகிறது. அந்த மௌனத்துக்காக நான் கெட்சமை மதிக்கிறேன். ஆனால் அவர் செய்த இன்னொரு மாற்றம் எனக்கு உறுத்துகிறது. நாவலில் அந்தப் பெண்ணின் பெற்றோர் கார் விபத்தில் ஏற்கெனவே இறந்துவிட்டவர்கள். உண்மையில் சில்வியாவின் பெற்றோர் உயிரோடு இருந்தார்கள். போலியோவால் கால் பாதித்த தங்கை அதே வீட்டில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கையை நாவல் வைத்துக்கொண்டது. பிள்ளையை ஒப்படைத்துவிட்டுப் போன பெற்றோரின் வாழ்நாள் குற்ற உணர்வை வெளியே தள்ளிவிட்டது. கதைக்கு வசதியான முடிவு. அந்தக் கொலையில் மிகக் கனமான துக்கம் எதுவோ அதுதான் இல்லாமல் போயிற்று.

துக்கமே எழுத வைத்த புத்தகங்களை இப்போது பார்க்கலாம். ஜேம்ஸ் எல்ராய்க்குப் பத்து வயது. 1958 ஜூன் 22 அன்று லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்து எல் மாண்டேயில் அவர் தாய் கொலையுண்டார். கொலைகாரன் இன்றுவரை அகப்படவில்லை. அடுத்த பிறந்தநாளுக்கு அப்பா வாங்கிக் கொடுத்த போலீஸ் வழக்குகள் பற்றிய புத்தகத்தில், 1947இல் கொல்லப்பட்ட எலிசபெத் ஷார்ட் என்ற இளம்பெண்ணின் வழக்கு இருந்தது. பத்திரிகைகள் அவளுக்கு வைத்த பெயர் பிளாக் டாலியா. தாயை நினைத்து அழ முடியாத பையன் அந்த முகம் தெரியாத பெண்ணை நினைத்துக்கொண்டே வளர்ந்தான். 1987இல், ‘பிலவ்ட்’ வந்த அதே ஆண்டில், ‘தி பிளாக் டாலியா’ நாவல் வந்தது, தாய்க்குச் சமர்ப்பணம். உண்மையில் துப்புத் துலங்காத அந்த வழக்குக்கு நாவல் ஒரு விடை கண்டுபிடிக்கிறது. ஒன்பது வருடம் கழித்து எழுதிய ‘மை டார்க் பிளேசஸ்’ நூலில் எல்ராய், ஓய்வுபெற்ற துப்பறிவாளர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு தாயின் கோப்பையே திறக்கிறார். விடை கிடைக்கவில்லை. ஆனால் முதன்முறையாகத் தாய் ஒரு மனுஷியாகத் தெரிகிறார்: எங்கே பிறந்தார், யாரைக் காதலித்தார், எதற்காகக் குடித்தார். எனக்கு இரண்டாவது புத்தகம்தான் பெரியது. நாவலில் எல்ராய் இன்னொருத்தியின் பிணத்தைக் கடன் வாங்கித் தன் துக்கத்தை அதன்மேல் போர்த்தினார். எலிசபெத் ஷார்ட்டுக்கும் வீடு உண்டு, தாய் உண்டு. அது அந்த நாவலுக்குள் எட்டவே இல்லை.

மெக்சிகோவின் கிறிஸ்டினா ரிவெரா கார்ஸா இதே வேலையை வேறு கையால் செய்தார். அவர் தங்கை லிலியானா 1990 ஜூலை 16 அன்று மெக்சிகோ நகரில் கொல்லப்பட்டாள். கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்தவள், இருபது வயது. சந்தேகத்துக்குரிய முன்னாள் காதலன் தலைமறைவானான். தங்கையின் நோட்டுப் புத்தகங்களும் கடிதங்களும் பெட்டிகளில் முப்பது வருடம் திறக்கப்படாமல் கிடந்தன. 2021இல் ஸ்பானிய மொழியில் வந்து, ஆங்கிலத்தில் 2024ஆம் ஆண்டின் புலிட்சர் பரிசு பெற்ற, அவர் எழுதிய நூலின் பெரும்பகுதி லிலியானாவின் கையெழுத்திலிருந்து எழுந்தது. பேய் என்று எதுவும் இல்லை. ஆனாலும் செத்தவள் வந்து பேசுகிறாள். நீச்சல் அடிக்கிறாள், தோழிகளோடு சண்டை போடுகிறாள், தனக்கு நேர்ந்துகொண்டிருப்பதற்கு அந்தக் காலத்தில் பெயரில்லாமல் தவிக்கிறாள். திகில் நாவல் எழுத உட்காருகிறவர்கள் இந்தப் புத்தகத்தை முதலில் படிக்க வேண்டும் என்பேன்.

துக்கம் பேசுகிறது என்பதாலேயே அது சொல்வதெல்லாம் உண்மையாகிவிடாது என்பதற்கும் ஒரு வழக்கு இருக்கிறது. ஆலிஸ் சீபோல்டின் ‘தி லவ்லி போன்ஸ்’ (2002) கொலையான பதினான்கு வயதுச் சிறுமி சொர்க்கத்திலிருந்து தன் குடும்பத்தைப் பார்த்துச் சொல்லும் கதை. உலகெங்கும் லட்சக்கணக்கில் விற்றது. அதற்கு முன் 1999இல் அவர், கல்லூரி நாளில் தான் பாலியல் வன்முறைக்கு ஆளானதையும் அந்த வழக்கையும் பற்றித் தன்வரலாறு எழுதியிருந்தார். அந்த வழக்கில் தண்டனை பெற்று 16 வருடம் சிறையிலிருந்த ஆந்தனி பிராட்வாட்டர் குற்றமற்றவர் என்று 2021 நவம்பரில் நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. தன்வரலாற்றைப் படமாக்க முயன்றவர்களில் ஒருவருக்குத் திரைக்கதையைப் படிக்கும்போது வந்த சந்தேகம்தான் வழக்கை மறுபடி திறக்க வைத்தது. சீபோல்டுக்கு நேர்ந்த வன்முறை மெய். அவர் வலி மெய். அடையாளம் காட்டப்பட்ட ஆள்தான் தவறு. குற்றக் கதை வில்லனைக் கேட்கிறது. வாசகருக்கும் வில்லன் வேண்டியிருக்கிறது. அந்தப் பசிக்கு நிஜமான ஒரு மனிதர் பதினாறு வருடம் இரையானார். பேய்க்கதை இந்த விஷயத்தில் கொஞ்சம் பாதுகாப்பானது. செத்தவர் திரும்பி வருவதற்கு வெளியே ஒரு குற்றவாளி தேவைப்படுவதில்லை.

நம் பக்கத்திலும் இந்தப் பிரிவு இருந்திருக்கிறது. ஊரில் நடந்த கொலையைப் பாட்டாக்கி அச்சிட்டுச் சந்தையிலும் ரயிலிலும் பாடி விற்ற கொலைச்சிந்துகள் அப்படியே உண்மைக் குற்றக் கதைதான்: எந்தத் தேதி, எந்த ஆயுதம், என்ன தீர்ப்பு. நெல்லை, குமரிப் பக்கத்து வில்லுப்பாட்டு இன்னொரு வழி போகிறது. நா. வானமாமலை பதிப்பித்த கதைப்பாடல்களில் முத்துப்பட்டன் கொலையுண்டு தெய்வமாகிறான். கொடை நாளில் அவன் கதை முழுவதும் பாடப்படுகிறது. பழையனூர் நீலி கதையில் கணவனால் கொல்லப்பட்ட பெண் பேயாக வந்து, கள்ளிக் கட்டையைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊர்ப் பஞ்சாயத்தில் நியாயம் கேட்கிறாள். அவளை நம்பி, அவனுக்கு ஆபத்து வந்தால் உயிர் கொடுப்போம் என்று வாக்குச் சொன்ன எழுபது வேளாளர்களும் மறுநாள் தீக்குளிக்கிறார்கள். சம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே இதன் குறிப்பு உண்டு என்பதால் கதை எவ்வளவு பழையது என்று தெரிகிறது. நீலியை வஞ்சகி என்று சொல்லியே நம்மை வளர்த்தார்கள். அவள் முதலில் கொலையுண்டவள் என்பதைச் சொல்லாமல் விட்டால் கதையில் மிஞ்சுவது பயம் மட்டும்தான். துக்கத்தைக் கழித்துவிட்ட பேய்க்கதை அது.

கொலையே நடக்கவில்லை என்று அரசு சாதித்துவிட்டால் என்ன ஆகும்? அர்ஜென்டினாவில் 1976 முதல் 1983 வரை ராணுவ ஆட்சி ஆட்களைத் தூக்கிக்கொண்டு போயிற்று. காணாமல் போனவர்கள் 30,000 பேர் என்பது மனித உரிமை அமைப்புகள் சொல்லும் கணக்கு. 1977 ஏப்ரல் 30 அன்று பிளாசா டி மாயோ சதுக்கத்தில் முதன்முதலாகக் கூடிய தாய்மார் பின்னாளில் இரண்டாகப் பிரிந்தார்கள். எலும்பைத் தோண்டி எடுத்து அடையாளம் சொன்னால் வாங்கிக்கொள்வோம் என்றார்கள் ஒரு பகுதியினர். உயிரோடு கொண்டுபோனீர்கள், உயிரோடு கொண்டுவாருங்கள், எலும்பு வேண்டாம் என்றார்கள் மற்றவர்கள். இந்த இரண்டாவது நிலைப்பாட்டைப் புரிந்துகொள்ள முடியாதவர்களுக்கு மரியானா என்ரிகெஸின் ‘நம் பங்கு இரவு’ நாவலை (ஸ்பானிய மொழியில் 2019) கொடுக்கலாம். 1981 ஜனவரியில் மனைவியை இழந்த ஒரு தந்தை, சிறு மகனைக் காரில் ஏற்றிக்கொண்டு ராணுவச் சோதனைச் சாவடிகளைத் தாண்டி வடக்கே போகிறான். இருட்டின் தெய்வம் ஒன்றை வழிபடும் பணக்காரக் குடும்பங்களின் ரகசியச் சபை பின்னணியில் இருக்கிறது. அந்தச் சபைக்குப் பலி கொடுக்க ஆள் பஞ்சமே இல்லை. தெருவில் ஆட்கள் காணாமல் போய்க்கொண்டிருக்கும் நாட்டில் இன்னும் சிலரை யார் தேடப்போகிறார்கள்? நாவலின் நடுவே ஒரு பெண் பத்திரிகையாளர் எழுதிய செய்திக் கட்டுரை வடிவில் ஒரு பகுதி வருகிறது. பொதுப் புதைகுழி ஒன்றைத் தோண்டும் இடத்தைப் பற்றியது. அறுநூறு பக்கத்துக்கு மேல் ஓடும் மாந்திரீகக் கதையில் என்னை அதிகம் அசைத்தது மந்திரமே இல்லாத அந்தப் பகுதிதான். எலும்புக்காகக் காத்திருக்கும் உறவினர்கள் அங்கே நிற்கிறார்கள்.

இதைப் படிக்கும் ஈழத்தமிழருக்கு அந்தக் குழியருகே நிற்பவர்கள் அந்நியர்கள் இல்லை. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கி, ராணுவத்திடம் கையளித்த பிள்ளைகள் எங்கே என்று படங்களோடு தெருவோரம் உட்கார்ந்த தாய்மாரில் பலர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள். அவர்கள் வீட்டுத் துக்கத்துக்கு இழவு சொல்லவும் முடியாது, காரியம் செய்யவும் முடியாது. இங்கே பேய்க்கதையின் மரபு இலக்கணமே மாறிவிடுகிறது. செத்தவர் திரும்பி வந்துவிடுவாரோ என்பது வழக்கமான பயம். இவர்களுக்கு, வராமலே போய்விடுவாரோ என்பதுதான்.

கடைசியாக ஒரு நாவல். ஜான் டார்னியலின் ‘டெவில் ஹவுஸ்’ 2022இல் வந்தது. கேஜ் சாண்ட்லர் என்ற குற்ற எழுத்தாளன், கலிஃபோர்னியாவின் மில்பிட்டாஸில், முன்பு கொலை நடந்த ஒரு கட்டடத்தையே விலைக்கு வாங்கிக் குடியேறுகிறான். இடத்தில் இருந்து எழுதினால் புத்தகம் நன்றாக வரும் என்பது அவன் நம்பிக்கை. அட்டையைப் பார்த்து வாங்கியவர்கள் பேய் வரும் என்று காத்திருப்பார்கள். வருவது ஒரு கடிதம். கேஜின் முதல் புத்தகம், வீட்டுக்குள் புகுந்த இரண்டு பையன்களைக் கொன்ற ஒரு பள்ளி ஆசிரியையைப் பற்றியது. நன்றாக விற்று அவனுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. அந்த இரண்டு பையன்களில் ஒருவனின் தாய் அவனுக்குக் கடிதம் எழுதுகிறாள். பல பக்கம் நீளும் கடிதம். அவள் கத்தவில்லை, வழக்குப் போடுவேன் என்று மிரட்டவில்லை. குடித்துவிட்டு அடிக்கும் கணவனிடமிருந்து மகனை எப்படியெல்லாம் மறைத்து வளர்த்தாள், அவன் எதற்குச் சிரிப்பான், எந்த வயதில் அவள் பேச்சைக் கேட்பதை நிறுத்தினான் என்று சொல்லிக்கொண்டே போகிறாள். உன் புத்தகத்தில் என் பிள்ளை வீட்டுக்குள் புகுந்து செத்துப்போகிறவன் மட்டும்தானா என்பதுதான் அவள் கேட்பது. கேஜ் அந்த ஆசிரியையின் பக்கம் அனுதாபத்தோடு எழுதியவன். நல்ல எண்ணத்தோடு எழுதியவன். அதனால்தான் கடிதம் அவனைப் பிளக்கிறது.

அதற்குப் பிறகு மில்பிட்டாஸ் கொலைகளைப் பதிப்பாளர் எதிர்பார்க்கும் விதத்தில் அவனால் எழுத முடியவில்லை. யாரை மாற்றினான், எவ்வளவு மாற்றினான், எதற்காக மாற்றினான் என்பது நாவலின் முடிவில் வருகிறது. இன்னும் படிக்காதவர்களுக்காக அதைச் சொல்லாமல் விடுகிறேன். திகிலை எதிர்பார்த்துப் போய் ஏமாந்ததாகப் பல வாசகர்கள் இந்த நாவலைக் குறைசொன்னார்கள். அவர்கள் தேடிய பேய் அந்தக் கடிதத்தில் இருந்தது என்பது என் எண்ணம். கொலையுண்ட ஒருவரை வைத்துக் கதை எழுதும் யாருக்கும் அப்படி ஒரு கடிதம் எந்த நாளும் வரலாம். மோரிசன் மட்டும் அது வருவதற்கு முன்பே தன் நாவலையே அந்தக் கடிதமாக எழுதிவிட்டார்.